உழவுக்கு முன் சக்கரம்: எல்லைப்புற வயல்களில் பழைய டிராக்டர்

(உரையின் எழுத்து வடிவம்)

ஏர் பூட்டி உழுத காலத்தில் விவசாயி வயலில் இறங்குவதற்கு முன் நுகத்தடியைத்தான் முதலில் கவனிப்பார். காளைகளில் ஒன்று வலுவுள்ளதாகவும் மற்றொன்று இளைத்ததாகவும் இருந்தால், ஏர்க்கால் நுகத்தைத் தொடும் இடத்தைச் சிறிது நகர்த்தி, வலுவுள்ள காளை அதிகப் பாரத்தை ஏற்கும்படி செய்வார். சால் ஆழமாக விழ வேண்டுமானால் ஏர்க்காலைப் பூட்டும் அளவை மாற்றுவார். இதற்குச் செலவு ஏதுமில்லை. சில நிமிடங்கள் போதும். ஆனால் இதைச் செய்யாமல் உழுதவரின் மாடு பாதி நாளில் களைத்துப் படுத்துவிடும். தவறு உடனே தெரிந்ததால் திருத்தமும் உடனே நிகழ்ந்தது.

மாட்டின் இடத்தில் டிராக்டர் வந்தபோது இந்தக் கவனம் எங்கே போயிற்று என்பதே இவ்வுரையில் ஆராயப்படும் பொருள். டிராக்டரில் நுகத்தடியின் வேலையைச் செய்பவை அதன் சக்கரங்கள். இரு பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம், டயரில் உள்ள காற்று, அதன்மேல் ஏற்றப்படும் பாரம், சேற்றுக்கு மாட்டப்படும் இரும்புச் சக்கரம் ஆகிய இவை சரியாக அமைந்தால் முப்பது, நாற்பது ஆண்டு பழைய இயந்திரமும் நன்றாக உழும். அமையாவிட்டால் புதிய இயந்திரமும் டீசலைக் குடித்துவிட்டு மண்ணைக் கெடுத்துச் செல்லும். ஆயினும் மாடு களைத்துப் படுப்பதைப்போல் டிராக்டர் படுப்பதில்லை. நஷ்டம் கண்ணுக்குத் தெரியாமல் வாடகைக் கணக்கிலும் வயலின் அடிமண்ணிலும் சேர்ந்துகொண்டே போகிறது.

எல்லையில் ஒரு பள்ளத்தாக்கு

இதனைப் பொதுவாகச் சொல்வதைவிட, ஓர் இடத்தை வைத்துச் சொல்வது பயன் தரும். பனச்சமூடு கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டாரமும் தமிழ்நாட்டின் விளவங்கோடு பகுதியும் ஒட்டி நிற்கும் எல்லையில் உள்ள ஊர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி திருத்தி அமைக்கப்பட்டபோது, திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்திலிருந்து அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை இராச்சியத்துடன் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நிர்வாகம் பிரிந்ததே தவிர நிலம் பிரியவில்லை. வெட்டுக்கல் பாறையும் செம்மண்ணும் கலந்த மேட்டுச் சரிவுகள், அவற்றுக்கு நடுவே நீண்டு வளைந்து செல்லும் தாழ்ந்த வயல்கள் என்ற அமைப்பு இருபுறமும் ஒன்றே. அவ்வயல் பரப்பை இருபுறத்து மக்களும் ‘ஏலா’ என்றே அழைக்கின்றனர்.

ஏலாவில் நெல் விளைந்தது. கரையில் மரச்சீனி, வாழை, தென்னை நின்றன. பின்னர்க் கரையை ரப்பர் மூடியது. ஏலாவிலும் வாழையும் மரச்சீனியும் இறங்கின. கேரளத்தில் 1974-75-இல் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த நெற்பரப்பு இன்று ஏறத்தாழ 2 லட்சம் ஹெக்டேராகக் குறைந்துள்ளது. நெல்வயலும் ஈரநிலமும் பாதுகாக்கப்பட வேண்டும் என 2008-இல் அம்மாநிலம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டுப் பக்கத்தில், நெய்யாறு இடதுகரைக் கால்வாய் வழியே விளவங்கோட்டுக்கு வந்த நீர் 2004-இல் நின்றுபோனதும் நெல்லைக் கைவிட ஒரு காரணமாயிற்று. எஞ்சியுள்ள நெல்லையும், நெல்லுக்குப் பின் வரும் வாழை, மரச்சீனியையும் காப்பாற்ற வேண்டுமானால் உழவுச் செலவு குறைய வேண்டும்.

நிலத்தின் அளவைப் பாருங்கள். 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு கைப்பற்றின் சராசரி அளவு 1.08 ஹெக்டேர், தமிழ்நாட்டில் 0.75 ஹெக்டேர், கேரளத்தில் 0.18 ஹெக்டேர். அதாவது நாற்பத்தைந்து சென்டுக்கும் குறைவு. அதுவும் ஒரே துண்டாக இருப்பதில்லை. இவ்வளவு நிலத்துக்கு எவரும் டிராக்டர் வாங்குவதில்லை, வாடகைக்கே அழைக்கின்றனர். வாடகைக்கு ஓடுவது பெரும்பாலும் பழைய இயந்திரம். முதல் போட்ட பணம் என்றோ திரும்பிவிட்டதால், சிறு வயலுக்கும் வந்து உழுது கொடுக்க அதன் உடைமையாளருக்குக் கட்டுப்படியாகிறது. ஆகவே பழைய டிராக்டரை ஏளனமாகப் பார்ப்பது பொருளாதார அறிவாகாது. சிறு விவசாயிக்கு எட்டக்கூடிய இயந்திரச் சக்தி அதுவே.

பழைய இயந்திரத்தின் வரலாறு

1951-இல் நாடு முழுவதிலும் இருந்த டிராக்டர்கள் சுமார் 8,600. 1961-இல் அவை 31,000 ஆயின. அதுவரை எல்லாம் இறக்குமதி என்றே சொல்லலாம். 1947-இல் தொடங்கிய மத்திய டிராக்டர் அமைப்பு, மத்திய இந்தியாவில் காஸ் புல் மண்டிக் கிடந்த தரிசு நிலங்களைக் கனரக இயந்திரங்களால் உடைத்தது. உலக வங்கி 1949-இல் இந்தியாவுக்கு அளித்த தொடக்கக் கடன்களில் ஒன்று இத்தகைய வேளாண் இயந்திரங்களுக்கான 1 கோடி டாலர் ஆகும். உள்நாட்டில் 1959-இல் ஃபரீதாபாதில் ஐஷர் நிறுவனம் முதலில் டிராக்டர் தயாரித்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் சென்னையில் டாஃபே நிறுவனம் மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டர்களைத் தயாரிக்கலாயிற்று. மகிந்திரா, எஸ்கார்ட்ஸ் ஆகியன அதே பத்தாண்டில் தொடர்ந்தன. துர்காபூர் ஆய்வு நிலையத்தில் இந்தியப் பொறியாளர்கள் வடிவமைத்த ஸ்வராஜ் 1974-இல் வந்தது. இன்று நாட்டில் ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட டிராக்டர்கள் விற்பனையாகின்றன.

இவ்வரலாற்றில் சக்கரத்துக்கும் ஒரு தனி அத்தியாயம் உண்டு. தொடக்க காலத்து டிராக்டர்கள் பட்டைகள் பொருத்திய இரும்புச் சக்கரத்தில் ஓடின. 1932-இல் அமெரிக்காவின் அலிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் காற்றடைத்த ரப்பர் டயரில் டிராக்டரை விற்கத் தொடங்கியது. வேகம் கூடிற்று, சாலையிலும் செல்ல முடிந்தது. அதன்பின் ஹாரி ஃபெர்குசன் மூன்று இணைப்புகளால் கலப்பையை டிராக்டரோடு ஒன்றாக்கி, கலப்பையின் இழுவையையே பின் சக்கரத்தின்மேல் பாரமாக விழச் செய்தார். இலேசான டிராக்டர் கனமான டிராக்டரின் வேலையைச் செய்ய முடிந்தது இதனால்தான். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் தயாரான சிறிய சாம்பல்நிற ஃபெர்குசன் டிராக்டரின் வழிவந்தவையே சென்னையில் தயாரான பல இயந்திரங்கள். எனவே அந்தச் சக்கர அமைப்பை அறிந்தவருக்கு நம் கிராமங்களில் ஓடும் பழைய டிராக்டர்களில் பெரும் பகுதி புரிந்துவிடும்.

அகலம் என்னும் கணக்கு

பின் சக்கரத்தின் நடுவில் உள்ள தட்டு சமதளமாக இராமல் கிண்ணம்போல் ஒரு பக்கம் குழிந்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். டயரைத் தாங்கும் இரும்பு வளையத்தின் உட்புறத்தில் உள்ள காதுகளும் நடுவில் இராமல் ஓர் ஓரமாக அமைந்திருக்கும். இது அழகுக்காகச் செய்யப்பட்டதன்று. தட்டை உள்நோக்கியோ வெளிநோக்கியோ மாட்டலாம்; வளையத்தைக் காதுகளின் இப்பக்கமோ அப்பக்கமோ பொருத்தலாம். இவற்றைச் சேர்த்து மாற்றினால் இரு சக்கரங்களின் நடுக்கோடுகளுக்கு இடையேயுள்ள அகலம் 48 அங்குலத்திலிருந்து 4 அங்குலப் படிகளாக 70 அங்குலத்துக்கு மேல் வரை கூடும். சென்டிமீட்டரில் சொன்னால் 122-லிருந்து ஏறத்தாழ பத்துப் பத்தாக உயரும்.

எந்த அகலம் வேண்டும் என்பதைக் கலப்பை தீர்மானிக்கிறது. இறக்கைக் கலப்பையோ சட்டிக் கலப்பையோ பூட்டி உழும்போது, டிராக்டரின் வலப்புறச் சக்கரங்கள் முன்பு உழுத சாலுக்குள் ஓடுகின்றன. இடப்புறச் சக்கரங்கள் உழாத நிலத்தின்மேல் ஓடுகின்றன. வலப்புறப் பின் டயரின் உட்பக்கம் சாலின் சுவரை ஒட்டிச் செல்லும். அந்தச் சுவரிலிருந்துதான் கலப்பை வெட்டத் தொடங்குகிறது. கலப்பை முழுவதற்குமான எதிர்ப்பு, வெட்டும் அகலத்தின் நடுவில், சற்று உழாத நிலத்தின் பக்கமாக அமையும். இழுக்கும் டிராக்டரின் நடுக்கோடும் அந்த இடத்துக்கு எவ்வளவு அருகில் வருகிறதோ அவ்வளவு நேராக டிராக்டர் ஓடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சக்கர அகலம் 132 சென்டிமீட்டர், டயரின் தடிப்பு 28 சென்டிமீட்டர் என்று கொண்டால், இரு டயர்களின் உட்பக்கங்களுக்கு இடையே 104 சென்டிமீட்டர் இருக்கும். அதில் பாதியான 52 சென்டிமீட்டர் தூரத்தில் டிராக்டரின் நடுக்கோடு செல்லும். தலா 30 சென்டிமீட்டர் வெட்டும் இரண்டு கொழுக்கள் உள்ள கலப்பையின் வெட்டு 60 சென்டிமீட்டர்; அதன் நடு 30 சென்டிமீட்டரில் விழும். இடைவெளி 22 சென்டிமீட்டர். எதிர்ப்பு சற்று இடப்பக்கம் சாய்வதால் உண்மையான வித்தியாசம் இதைவிடக் குறைவே, ஆயினும் உண்டு. சக்கர அகலத்தை 122 ஆக்கினால் வித்தியாசம் மேலும் 5 சென்டிமீட்டர் குறையும். 152 அல்லது 162 என்று அகலமாக விட்டுவிட்டால் டிராக்டர் ஒரு பக்கமாக இழுபடும். ஓட்டுநர் நாள் முழுவதும் ஸ்டீரிங்கை எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டே ஓட்டுவார். முதற்கொழு தன் அளவுக்கு மேல் வெட்ட நேர்ந்து, உழாத வரிகள் மண்ணுக்கடியில் மறைந்து நிற்கும். சிறிய கலப்பைக்குக் குறுகிய அகலம், பெரிய கலப்பைக்கு விரிந்த அகலம் என்பதே இதன் சாரம்.

தோவாளையின் பரந்த வயல்களில் ஒரு வேலைக்காக விரித்து வைக்கப்பட்ட சக்கரங்களோடு ஒரு டிராக்டர் மறுநாள் பனச்சமூட்டின் குறுகிய ஏலாவுக்கு வந்தால் என்ன நேரும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

முன் சக்கரங்களையும் விட்டுவிடக் கூடாது. முன் டயர் மெல்லியது. பின் டயர் தடித்தது. இரண்டின் நடுக்கோடும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எண்ணுவது தவறு. இரண்டின் உட்பக்கங்களும் ஒரே நேர்கோட்டில் அமைந்து சாலின் சுவரை ஒட்ட வேண்டும். முன் அச்சில் உள்ள துளைகளில் போல்ட்டை மாற்றி அகலத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஃபெர்குசன் வகையில் முன் அச்சின் இரு கைகளும் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் அகலத்தை மாற்றினாலும் ஸ்டீரிங் அமைப்பு கெடுவதில்லை. வேறு பல டிராக்டர்களில் இணைப்புக் கம்பிகளின் நீளத்தையும் சேர்த்தே திருத்த வேண்டும்.

இங்கே அடிக்கடி நேரும் ஒரு பிழையைக் குறிப்பிட வேண்டும். அகலத்தை மாற்றுவதற்காகச் சக்கரத்தைக் கழற்றி, உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பி அதே பக்கத்தில் மாட்டிவிடுகின்றனர். டயரின் பட்டைகளுக்குத் திசை உண்டு. பின்னால் நின்று பார்த்தால் பட்டைகளின் கூர்முனை மேல்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் கூர்முனை முதலில் மண்ணில் பதிந்து, மண் இருபுறமும் வெளியேறி, பட்டை சுத்தமாக இருக்கும். சக்கரத்தைத் திருப்பினால் இத்திசை தலைகீழாகும். ஆகவே திருப்பும்போது வலச் சக்கரத்தை இடப்பக்கமும் இடச் சக்கரத்தை வலப்பக்கமும் மாற்றியே மாட்ட வேண்டும். மாட்டியபின் சில மணி நேரம் ஓட்டிவிட்டு எல்லா நட்டுகளையும் மீண்டும் இறுக்க வேண்டும். பழைய தட்டுகளில் துளைகள் நீள்வட்டமாகி விரிசல் விட்டிருப்பதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டாம் இறுக்கலைச் செய்யாததே காரணம்.

வலச் சக்கரம் சாலுக்குள் இறங்கியதும் டிராக்டர் சாய்கிறது. சால் 15 சென்டிமீட்டர் ஆழமும் சக்கர அகலம் 132 சென்டிமீட்டரும் ஆனால் சாய்வு ஏறத்தாழ ஆறரைப் பாகை. டிராக்டர் சாய்ந்தாலும் கலப்பை சமமாக நிற்க வேண்டும். அதற்காகவே வலப்புறத் தூக்குக் கம்பியில் ஒரு திருகுப்பிடி வைத்திருக்கிறார்கள். முதல் சால் போடும்போது இரு சக்கரங்களும் மேட்டில் நிற்பதால் அப்போது ஓர் அளவு. இரண்டாம் சாலிலிருந்து வேறோர் அளவு. பத்து ஏக்கர் வயலில் முதல் சால் அற்பமானது. இருபத்தைந்து சென்ட் வயலில் மொத்தச் சால்களே குறைவு. அங்கே ஒவ்வொரு சாலும் கணக்கில் சேரும்.

நழுவலுக்கு யார் பணம் கொடுக்கிறார்?

சக்கரம் சுழலும் அளவுக்கு டிராக்டர் முன்னேறுவதில்லை. ஒரு பகுதி மண்ணில் நழுவிப் போகிறது. இதை அளக்க எந்தக் கருவியும் தேவையில்லை. பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிய நிலையில் அந்த வயலிலேயே பத்துச் சுற்று ஓடவிட்டுத் தூரத்தை அளக்க வேண்டும். பிறகு உழுதுகொண்டே பத்துச் சுற்று ஓடவிட்டு அளக்க வேண்டும். முதல் தூரம் 38 மீட்டர், இரண்டாவது 34 மீட்டர் என்றால் நழுவல் சுமார் பத்து சதவீதம், இது ஏற்கத்தக்கது. இரண்டாவது 28.5 மீட்டர் என்றால் நழுவல் இருபத்தைந்து சதவீதம்.

பத்து சதவீத நழுவலில் ஓர் ஏக்கரை 100 நிமிடத்தில் உழும் டிராக்டர், இருபத்தைந்து சதவீத நழுவலில் அதே ஏக்கருக்கு 120 நிமிடம் எடுத்துக்கொள்ளும். வாடகை மணிக்கணக்கில் வசூலிக்கப்படுகிறது. தமிழ்நாடு அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடும் டிராக்டர்களுக்கும் மணிக்கணக்கே அடிப்படை. தனியாரிடமும் அதுவே வழக்கம். ஆகவே கூடுதலான 20 நிமிடத்துக்குப் பணம் தருபவர் விவசாயி. டீசல் இழப்பு உடைமையாளருடையது என்றாலும், கூடுதல் வாடகையில் அது பெரும்பாலும் ஈடாகிவிடுகிறது. சக்கரத்தைச் சரிசெய்யும் ஆற்றல் உள்ளவருக்கு அதில் ஆதாயம் இல்லை. ஆதாயம் உள்ளவருக்கு அந்த ஆற்றல் இல்லை. பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் பாடப்புத்தகத்தில் படிக்கும் குத்தகைச் சிக்கலின் மறுவடிவம் இது. வயலோரத்தில் நின்று பார்த்தால் விளங்கும்.

நழுவலைக் குறைக்கும் வழிகள் எளியவை. உழவின்போது பின் டயரில் சதுர அங்குலத்துக்கு 12 முதல் 14 பவுண்டு காற்றுப் போதும். சாலைப் பயணத்துக்கு இதைவிடக் கூடுதலாக வேண்டும். சாலையில் ஓடிய காற்றோடு அப்படியே வயலில் இறங்கினால் விறைத்த டயர் குறைந்த இடத்தையே பற்றும். கட்டாந்தரை உழவுக்குப் பாரம் தேவையானால், வால்வை மேலே நிறுத்தி டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பலாம். ஒரு டயருக்கு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். குளிர் நாடுகளில் தண்ணீர் உறையாதிருக்க அதில் கால்சியம் குளோரைடு கலக்க வேண்டும். நெய்யாற்றங்கரையில் அந்தக் கவலை இல்லை. கிணற்று நீரே போதும். இவ்வளவு மலிவான பாரம் வேறு கிடையாது. ஆனால் அதே தண்ணீரோடு நெல்வயல் சேற்றில் இறங்குவது அறிவுடைமையன்று.

சேற்றில் வேறு நியாயம்

தொளி உழவில் இதுவரை சொன்னவற்றில் பல தலைகீழாகின்றன. அங்கே சால் இல்லை, சுவர் இல்லை. மண்ணைக் கூழாக்குவதே நோக்கம் ஆதலால் சக்கரம் நழுவுவதும் வேலையின் ஒரு பகுதியே. டயருக்குப் பதிலாகவோ டயரை ஒட்டியோ கேஜ் வீல் எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரம் பொருத்தப்படுகிறது. டயரை ஒட்டி மாட்டும் அரைக் கூண்டு, டயரைவிடச் சிறிது குறைந்த விட்டம் உடையதாக இருந்தால், கெட்டியான இடத்தில் டயரும் சேற்றில் கூண்டும் பாரத்தைத் தாங்கும். கூண்டு வெளிப்புறம் நீளுவதால் சக்கர அகலத்தைக் குறுக்கி வைத்துக்கொள்வது நலம். இல்லையேல் ஏலாவின் குறுகிய வரப்பு வாயில்களில் இயந்திரம் நுழையாது. வரப்பை உடைத்தே நுழையும். பிறகு அந்த வரப்பைக் கட்டுவது யார் என்பதில் பக்கத்து வயல்காரரோடு வழக்கு எழும். கூண்டுச் சக்கரத்தோடு தார்ச்சாலையில் ஓடுவது சாலையைக் கீறிப் பாழாக்கும். கழற்றி எடுத்துச் சென்று வயலோரத்தில் மாட்டுவதே முறை.

சேற்றடியில் உள்ள கெட்டித் தளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைமுறைகளாகத் தொளி கலக்கி மரமடித்த வயலில், உழவின் அடியில் ஒரு கெட்டியான படலம் உருவாகியிருக்கும். நெல்லுக்கு அது செல்வம். தண்ணீர் கீழே இறங்காமல் காப்பது அதுவே. பாரம் ஏற்றிய டிராக்டர் ஒரே இடத்தில் நழுவிச் சுழன்று அப்படலத்தைக் கிழித்துவிட்டால், அந்தப் பள்ளம் பல போகங்களுக்குத் தண்ணீரை விழுங்கும். கால்வாய் நீர் குறைந்துபோன இப்பகுதியில் இது சிறு இழப்பன்று. அதே வயலில் அடுத்து வாழையோ மரச்சீனியோ வைப்பதானால் நிலை மாறுகிறது. வேர் இறங்கவும் நீர் வடியவும் அந்தப் படலம் தடை. அப்போது ஆழமாக உழுது அதை உடைக்க வேண்டும். ஆனால் சாலுக்குள் ஓடும் வலச் சக்கரம், கலப்பை இளக்கிய மண்ணுக்கு அடியிலேயே பாரத்தோடு ஓடுவதால், ஒரு படலத்தை உடைத்த கையோடு மற்றொன்றை உண்டாக்குகிறது. ஈரம் காய்ந்தபின் உழுவதும், தேவைக்கு மேல் பாரம் ஏற்றாதிருப்பதும் தவிர இதற்கு வேறு வழியில்லை. நெல்லுக்கும் நெல்லல்லாத பயிருக்கும் ஒரே வயல் மாறி மாறிப் பயன்படும் இவ்வெல்லைப்புறத்தில், டிராக்டரை அழைப்பவர் அடுத்த பயிர் எது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

நடைமுறையில் அதிகம் ஓடுவது கொத்துக் கலப்பைதான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதில் இரு சக்கரங்களும் மேட்டிலேயே ஓடும்; சக்கரத் தடத்தின்மேல் ஒரு கொத்து விழும்படி அகலம் அமைந்தால் போதும். பத்து சென்ட், பதினைந்து சென்ட் துண்டுகளுக்கு டிராக்டரைவிடப் பவர் டில்லர் பொருத்தமானது. கேரள அரசின் காம்கோ நிறுவனம் 1973 முதல் அங்கமாலி அருகே அத்தாணியில் அதனைத் தயாரிப்பதும் இத்தேவையை உணர்ந்தே.

உயிருக்கும் கணக்கு உண்டு

அகலத்தைக் குறுக்குவது உழவுக்கு நல்லது, சரிவுக்குக் கெட்டது. குறுகிய அகலத்தில் நிற்கும் டிராக்டர் கரைச் சரிவில் குறுக்காக ஓடினால் எளிதில் பக்கவாட்டில் கவிழும். பழைய டிராக்டர்களில் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் கிடையாது. சுவீடன் 1959-லேயே புதிய டிராக்டர்களுக்கு இச்சட்டத்தைக் கட்டாயமாக்கியது. ஏலாவில் குறுக்கிய சக்கரத்தோடு அன்று மாலையே மேட்டுத் தோட்டத்தில் ஏறுவது இப்பகுதியில் இயல்பாக நேரக்கூடியது. ஆதலால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதைவிடக் கொடியது மற்றொன்று. சேற்றில் புதைந்த டிராக்டரை வெளியேற்ற, பின் சக்கரங்களோடு ஒரு மரத்தடியைச் சங்கிலியால் கட்டிக் கிளப்புவார்கள். மரத்தடி மண்ணில் மாட்டிச் சக்கரம் சுழல மறுத்தால், சக்கரத்துக்குப் பதிலாக டிராக்டரின் உடலே அச்சைச் சுற்றி மேலெழும்பிப் பின்னால் கவிழ்கிறது. ஓட்டுநர் குதிக்கவும் நேரம் இருப்பதில்லை. புதைந்தால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வேறொரு வண்டியால் இழுப்பதே வழி.

இவ்வளவும் புதிய அறிவன்று. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் 1955 முதல் இயங்கிவரும் மத்தியப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிலையமும், தென்னகத்துக்கென ஆந்திரத்தின் கார்லதின்னேயில் உள்ள நிலையமும் ஓட்டுநர்களுக்கும் விவசாயிகளுக்கும் பயிற்சி அளிக்கின்றன. அவை வெளியிடும் பரிசோதனை அறிக்கைகளில் ஒவ்வொரு டிராக்டரின் சக்கர அகல அளவுகள், டயர்க் காற்று, ஏற்றிய பாரம் எல்லாம் பதிவாகியுள்ளன. அறிக்கைகள் ஆங்கிலத்தில், தடித்த ஏடுகளாக இருக்கின்றன. சக்கரத்தைக் கழற்றுபவர் கையில் இருப்பது ஸ்பேனர் மட்டுமே. அந்த அறிக்கையின் ஒரு பக்கத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு வாடகை மையத்தின் சுவரில் ஒட்டுவதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை.

வாடகை மையங்களுக்கு 2014-15 முதல் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் வழியாக மத்திய அரசின் மானியம் கிடைக்கிறது. மானியம் இயந்திரத்தின் விலைக்குத் தரப்படுகிறது. சக்கரத்தை மாற்றி அமைக்கும் நேரத்துக்கு அல்ல. அந்த நேரம் எவர் கணக்கிலும் இல்லை என்பதே குறையின் மூலம். இரு பின் சக்கரங்களையும் கழற்றி மாற்ற, ஜாக்கியும் இரண்டு ஆட்களும் இருந்தால் ஒரு மணி நேரம் ஆகலாம். மணிக்கணக்கில் ஓடும் வண்டிக்கு அது வருமானமற்ற ஒரு மணி. ஆகவே வாடகைச் சீட்டில் ஓடிய நேரத்தோடு உழுத பரப்பையும் எழுதச் செய்வதும், சக்கர அமைப்புக்கென ஒரு சிறு நிலையான கட்டணத்தைத் தனியே வைப்பதும் முதற்படியாக அமையலாம். ஒரே ஏலாவில் அடுத்தடுத்துள்ள பத்து விவசாயிகள் ஒரே நாளில் டிராக்டரை அழைத்தால் அக்கட்டணம் பத்தாகப் பிரியும். சக்கரத்தையும் ஒருமுறை மாற்றினால் போதும். எல்லைக்கு இப்பால் ஐவரும் அப்பால் ஐவருமாக இருந்தாலும் இதில் தடை ஏதுமில்லை. பதிவேட்டில் மூன்று வினாக்கள் இடம்பெற வேண்டும்: எந்தக் கலப்பை, நிலம் ஈரமா காய்ந்ததா, அடுத்த பயிர் எது. இவற்றுக்கான விடை கிடைத்தபின் ஓட்டுநர் சக்கரத்தை மாற்றிக்கொண்டு புறப்பட வேண்டும்; வயலோரத்தில் பத்துச் சுற்று ஓட்டி அளந்த தூரத்தைச் சீட்டின் பின்புறம் குறித்துக் கையெழுத்திட வேண்டும்.